சேணமும் சுண்ணாம்புக் குழியும்: வேலூர், ஆற்காட்டுப் படைத்தளத் தொழில்களும் நம் சபைகளும்

கி.பி. 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் விடியுமுன்னர் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்தமையும், ஆங்கிலேயப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் அன்று மாண்டமையும், பின்னர்ச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டமையும் பாடநூல்களில் உள்ளன. ஆயின் அந்நிகழ்ச்சியில் இரண்டு பொருள்கள் ஆற்றிய பங்கினை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. ஒன்று தோல், மற்றொன்று குதிரை. கிளர்ச்சிக்கு அண்மைக் காரணமாய் நின்றது, புதிய தலைப்பாகையில் வைத்துத் தைக்கப்பட்ட ஒரு தோல் துண்டு. கிளர்ச்சியை அடக்கியது, ஏறக்குறைய 16 மைல் தொலைவிலிருந்த ஆற்காட்டுப் படைத்தளத்தினின்று கர்னல் கில்லெஸ்பி கொணர்ந்த குதிரைப்படை. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் ஆங்கில அதிகாரி விடுத்த செய்தி ஆற்காட்டை எட்டியதும், 19ஆம் இலகு டிராகூன் படையினர் குதிரையேறி, காலைப்பொழுது கழிவதற்குள் வேலூர் வந்து சேர்ந்தனர். காலாட்படையாயின் கோட்டைவாயிலை அடைவதற்குள் பகற்பொழுது பெரும்பாலும் கழிந்திருக்கும்.

தோலைப் பற்றி முதலில் ஒரு சொல். சிப்பாய் தோளில் அணிந்த வாரும் தோல்தான். காலில் அணிந்ததும் தோல்தான். அவற்றைப் பொறுத்துக்கொண்டவன் தலைக்குத் தோல் ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. உடம்பினையே மேல் கீழ் என வகுத்துக் காணும் ஒரு சமுதாயத்தில், காலுக்குரிய பொருள் தலைக்கு ஏறுவது வெறும் உடைமாற்றம் அன்று. அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடா என்ற ஆணையும் அதனோடு சேர்ந்தபொழுது, தங்களைக் கிறிஸ்தவராக்கும் சூழ்ச்சி இது என்ற பேச்சுப் பரவிற்று. அவ்வாண்டு மே மாதத்திலேயே அத்தலைப்பாகையை மறுத்த வீரர்கள் தண்டிக்கப்பட்டனர். இருவருக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் படைத்தலைவர் கிரேடக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர். இங்கிலாந்திலோ, இந்தியாவில் மிஷனெரிகளை அனுமதிக்கலாமா என்னும் கடும் துண்டறிக்கைப் போர் மூண்டது. 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் அதற்கு ஒருவாறு விடை கூறிற்று. தென்னிந்தியாவில் திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பயிலும் மாணவர் ஒரு தோல் துண்டிலிருந்தும் அப்பாடத்தைத் தொடங்கலாம்.

இனிக் குதிரைக்கு வருவோம். குதிரை தமிழ்நாட்டு மண்ணுக்கு இயல்பான விலங்கு அன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டெழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருளுக்கு வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின என்கிறார். நல்ல பெட்டைக்கும் நல்ல பொலிக்குதிரைக்கும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, ஏறுதற்குப் பயன்படாததாய்ப் போகிறது என்பதும் அவர் கூற்று. குதிரை வைத்தியரை வணிகர்கள் வேண்டுமென்றே இங்கு வரவிடவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரைகள் மடிந்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை கிடைக்கும்! வழிப்போக்கர் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் குதிரை கடல்கடந்து வந்த அரும்பொருள், அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியது, உழவனுக்கு உரியதன்று என்னும் உண்மை அதில் உண்டு. நம் ஊர்ப்புறங்களில் ஐயனார் கோயில் முன்னே நிற்பது உயிர்க்குதிரை அன்று. குயவர் சுட்ட மண்குதிரை. செஞ்சிக் கோட்டையில் 1714இல் வீழ்ந்த தேசிங்குராசனைப் பாடும் கதைப்பாடலிலும், அவன் அடக்கிய குதிரை அவனுக்கு இணையான பாத்திரமாகவே வருகிறது. உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பது மரபு.

கிழக்கிந்தியக் கம்பெனியார் குதிரையின் அருமையைத் தோல்வியிலே கற்றனர். ஐதர் அலியின் குதிரைப்படை 1780இல் கருநாடகத்துச் சமவெளியைச் சூறையாடியபொழுது, அதனைத் துரத்தவல்ல குதிரைப்படை கம்பெனியிடம் இல்லை. 1782இல் இலகு டிராகூன் படை சென்னைக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் ஆங்கில அரசக் குதிரைப்படை அதுவே. 1806இல் ஆற்காட்டிலிருந்து பாய்ந்ததும் அதுவே. ஆற்காட்டு நவாபின் குதிரைப்படைப் பிரிவுகளும் 1780களில் கம்பெனியின் வசமாயின. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர்ச் சீமையிலுள்ள குனிகல் குதிரைப் பண்ணையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைகளை வளர்க்கவும் பழக்கவும் பெரும் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. பின்னாளில் அது கால்நடைப் பண்ணையாயிற்று. இவ்வளவு முயன்றும் படைக்கு வேண்டிய குதிரை உள்நாட்டு இனப்பெருக்கத்தால் நிறையவில்லை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்தும் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. அந்த 'வேல்ஸ்' என்ற சொல்லே 'வேலர்' என ஒரு குதிரை வகைக்குப் பெயராயிற்று.

குதிரையைக் கப்பலில் கொண்டுவரலாம். அதற்குத் தீனியும் பணியாளும் உள்ளூரில்தான் கிடைக்க வேண்டும். படைத்தளத் தொழில்கள் என நாம் ஈண்டுக் கூறுவன இவ்விடத்திலே தோன்றுகின்றன. முதலாவது கொள்ளு. தென்பாண்டி நாட்டார் காணம் என்று வழங்கும் இப்பயற்றினை வேகவைத்துக் குதிரைக்கு இடுவர். தானியத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த 'கிராம்' என்பது சென்னை இராஜதானியில் கொள்ளையே குறித்தது. வடநாட்டில் அது கடலையைக் குறித்தது. கொள்ளு மானாவாரிப் பயிர். ஏழைப் புன்செய்யில் விளைவது. உழவனுக்குக் கஞ்சியாகவும் துவையலாகவும் பயன்பட்டுவந்த பயறு படைக்குதிரையின் தீனியாயிற்று. இரண்டாவது புல். அறுகம்புல்லை வேரோடு சுரண்டி, மண் போகத் தட்டி, கட்டாகக் கட்டி நாள்தோறும் லாயத்துக்குச் சுமந்து வருதல் ஒரு தனித்தொழில். அதனைச் செய்தவர் பல நேரங்களில் குதிரைக்காரரின் மனைவியே. மூன்றாவது குதிரைக்காரர். வடநாட்டில் சைஸ் எனப்பட்டவரைச் சென்னை ஆங்கிலம் 'ஹார்ஸ்கீப்பர்' என்றது. குதிரையைத் தேய்ப்பதும், நீர் காட்டுவதும், துரை சவாரி செய்கையில் உடன் ஓடுவதும் அவர் வேலை. குதிரை நாலுகால் பாய்ச்சலில் செல்ல, பின்னே வெறுங்காலோடு ஓடிவரும் மனிதரைக் காலனிய ஓவியங்கள் பலவற்றில் காணலாம். பெயர் மட்டும் குதிரைக்கே எழுதப்பட்டிருக்கும்.

இவர்களோடு லாடம் அடிப்போர், கொல்லர், வண்டித் தச்சர், பொதிமாட்டுக்காரர், சேணமும் கடிவாளமும் தைக்கும் தோல்வினைஞர் ஆகியோரும் படைத்தளத்தைச் சூழ்ந்து வாழ்ந்தனர். படை புறப்பட்டால் ஆயுதம் தாங்கியவரைவிடப் பின்செல்வோரே எண்ணிக்கையில் மிக்கிருந்தனர். வேலூரில் படை போய்விட்ட பின்னும் 'கன்டோன்மென்ட்' என்ற பெயர் ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தொழில்களைச் செய்தவர் யாவர்? துரைமாரின் லாயத்திலும் அடுக்களையிலும் பெரும்பாலும் பணிபுரிந்தவர் சாதி அமைப்பு ஊருக்குப் புறத்தே நிறுத்திய மக்கள். பறையர் சமூகத்தார் குதிரைக்காரராகவும் புல்லறுப்பவராகவும் சமையற்காரராகவும் இருந்தமையைக் காலனியக் காலத்து இனவரைவியல் நூல்கள் குறிக்கின்றன. தோல்வேலை அருந்ததியர்க்கும் தெலுங்கு பேசும் மாதிகர்க்கும் உரியதெனப்பட்டது. அயல்நாட்டானுக்குத் தீட்டு இல்லை. ஆதலின் அவன் வீட்டு வேலைக்கு இவர்கள் வரத் தடையில்லை. பிற சாதியாரோ அவ்வேலையை இழிவெனத் தவிர்த்தனர். இவ்வாறு திறந்த வாயில் வழியே இம்மக்கள் பண்ணையாளின் அடிமைக் கட்டிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்தனர். இதனை விடுதலை என்று கூறிவிடவும் முடியாது. சவுக்கு குதிரைமேல் மட்டும் விழவில்லை. ரெஜிமென்ட் இடம் மாறினால் குடும்பமும் இடம் மாறிற்று. நிலம் என்பது கனவிலும் இல்லை. எனினும் கூலியாகப் பெற்ற காசு கையிலே இருந்தது. மிராசுதாரின் களத்தில் அளந்து போட்ட தானியத்துக்கும் இக்காசுக்கும் உள்ள வேறுபாட்டை, திருச்சபையின் வரலாற்றை எழுதியவர்கள் போதிய அளவு எடைபோடவில்லை என்பது நம் கருத்து.

ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காட்டு மிஷனை அமைத்தபொழுது இம்மக்கள் வாழ்ந்த நிலத்துக்குள்தான் வந்தனர். ராணிப்பேட்டை, வேலூர், ஆரணி என அவர்கள் நிலையம் அமைத்த ஊர்களில் பல முன்பே படைத்தளங்கள். வேலூர்க் கோட்டைக்குள் 1846இல் கட்டப்பட்ட தூய யோவான் ஆலயம் படையினரின் வழிபாட்டுக்கென எழுந்தது. ராணிப்பேட்டையில் 1866இல் சைலஸ் ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணி இன்றும் ஸ்கடர் நினைவு மருத்துவமனையாய்த் தொடர்கிறது. ஐடா ஸ்கடர் 1870இல் பிறந்ததும் அவ்வூரிலேயே. தொடக்கக் காலத்தில் ஆற்காட்டு மிஷன் கிறிஸ்தவரல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதில்லை, தாய்மொழியில் பிரசங்கிப்பதே தலையாய பணி எனக் கொள்கை வகுத்துக்கொண்டது. ஆகவே மிஷனெரிமார் குதிரையிலும் மாட்டுவண்டியிலுமாக ஊர்தோறும் சென்றனர். நம் மிஷன் வரலாறுகளில் இப்பயணங்கள் விரிவாக வருகின்றன. கடந்த மைல்கள், பேசிய ஊர்கள், கொடுத்த துண்டுப்பிரதிகள் எல்லாம் கணக்கில் உள்ளன. அக்குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தவரின் பெயரை நாம் எங்கே தேடுவது?

இது உணர்ச்சிவயப்பட்ட கேள்வி அன்று. வரலாற்று முறை பற்றிய கேள்வி. சேணத்தின்மேல் அமர்ந்தவரின் கண்ணால் எழுதப்பட்ட வரலாற்றில் ஊர்கள் கடந்து செல்லப்படுகின்றன; சேணத்தின் கீழே நின்றவரின் கண்ணால் எழுதினால் அதே ஊர்கள் வாழப்பட்டவையாகத் தோன்றும். 1981இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் பற்றி நாம் பேசிவருகிறோம். துன்பத்தைப் பேசும் அளவுக்குத் தொழிலைப் பேசினோமா என்பது ஐயமே. தொழில் என்பது கையிலுள்ள அறிவு. எந்தப் புல் குதிரையின் வயிற்றுக்கு ஆகாது, எந்தக் குளம்பு வெடிக்கும் என அறிந்தவர் அறிவிலியாய் இருந்திரார்.

குதிரை மெல்ல விடைபெற்றது. 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் பாதை அதுவே. படைத்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுருங்கின. லாயத்தில் வளர்ந்தவர்களின் மக்கள் சிலர் ஜட்கா வண்டி ஓட்டினர். 1909இல் டாக்டர் ஐடா ஸ்கடர் மோட்டார் காரில் சாலையோர மருத்துவத்துக்குப் புறப்பட்டபொழுது, அந்தக் காலம் முடிவை நோக்கிற்று எனலாம். ஆனால் குதிரையைக் கொண்டுபோன அதே ரயில் தோலைக் கொண்டுவந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னைப் பகுதியில் தோல் பதனிடும் முறை செப்பமுற்று, அரைப்பதத் தோல் இலண்டன் ஏலச் சந்தைக்குச் செல்லலாயிற்று. 'கிழக்கிந்திய கிப்' என அங்கே பெயர் பெற்றது பெரும்பாலும் சென்னை இராஜதானித் தோலே. அதன் மருமம் ஆவாரை. தைப்பொங்கலுக்கு நாம் வாயிலில் செருகும் மஞ்சட்பூவின் செடிதான். அதன் பட்டையின் துவர்ப்பு, தோலை வெளிர்நிறத்தோடும் மென்மையோடும் பதப்படுத்தும். வறண்ட கரம்பில் தானே வளரும் இச்செடியும், பாலாற்றின் ஊற்று நீரும், சென்னைத் துறைமுகத்துக்கு ரயிலும் ஒருங்கே வாய்த்த இடம் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்னும் வட்டாரம். முதலீட்டாளரும் வணிகரும் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் பெருமக்கள். அவர்கள் நிறுவிய பள்ளிகளும் கல்லூரிகளும் இன்றும் அவ்வூர்களில் விளங்குகின்றன. குழியில் இறங்கியவர்களோ பெரும்பாலும் முன்னர் நாம் கண்ட அதே மக்கள்.

வேலையைச் சற்று விளக்குதல் தகும். உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பும் அழுக்கும் நீக்குவர். பின் சுண்ணாம்புக் குழியில் பல நாள் கிடத்துவர், மயிர்க்கால் இளகும். மரத்தின்மேல் விரித்து வளைந்த கத்தியால் மயிரையும், மறுபுறம் ஒட்டியுள்ள சதையையும் வழிப்பர். சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் மாறி மாறி ஊறவைத்து மிதிப்பர். கடைசியில் கடுக்காய்நீர்; அது நிறம் சிவந்துபோகாமல் காக்கும். எண்ணெய் தடவி உலர்த்துவர். இப்பணியில் தொழிலாளியின் கைகளும் கால்களும் தோலோடு தோலாய்ச் சுண்ணாம்பில் வெந்தன. அந்நாற்றம் குளித்தும் போகாது. முதல் உலகப்போரில் அரசு சென்னைத் தோலைப் போர்வீரரின் பூட்சுக்காக மொத்தமாய்க் கொள்முதல் செய்தபொழுது, பிரான்சுப் போர்க்களத்துச் சேற்றில் நடந்த காலணிகளில் பாலாற்றங்கரையின் உழைப்பும் இருந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தின் இறுதியில் பேதுரு யோப்பாவில் தங்கிய வீடு தோல் பதனிடுகிற சீமோனுடையது. நாம் பல முறை பிரசங்கித்த பகுதி. ஆனால் அடுத்த அதிகாரத்தின் தரிசனத்துக்கும் கொர்நேலியுவுக்கும் விரைந்து, இவ்வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம். யூத மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, பிணத்தையும் கல்லறையையும் போலத் தோல் பதனிடும் இடத்தையும் ஊரிலிருந்து 50 முழம் விலக்குகிறது. ஊருக்குக் கிழக்கே மட்டுமே அது இருக்கலாம் என்கிறது. கணவன் தோல் பதனிடுபவனாயின் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்ற விதியும் அதில் உண்டு. சீமோனின் வீடு கடலோரத்தில் இருந்ததற்கு இவ்விலக்கும் காரணமாகலாம், நீர்த்தேவையும் காரணமாகலாம். அங்கே பேதுரு ஓர் இரவு அன்று, பல நாள் தங்கினார். தீட்டான விலங்குகள் விரிப்பில் இறங்கிய காட்சி வந்த பொழுது, அவர் இருந்தது விலங்குத்தோல் காயும் வீட்டின் மேல்தளத்தில். மாற்றம் தரிசனத்தில் தொடங்கவில்லை, விருந்தோம்பலில் தொடங்கிற்று என நாம் வாசிக்கிறோம். பிறர் வேறுவகையாக வாசிக்கலாம்.

நம் சபைகள் சீமோன் வீட்டில் அத்தனை நாள் தங்கினவா? 1895இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கிய மிசௌரி லூத்தரன் மிஷன் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேரூன்றிற்று. ஆம்பூரில் பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. ஆற்காட்டு மிஷன் தச்சு முதலிய தொழில்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்திற்று. கல்வி கற்றவர் ஆசிரியரானார், செவிலியரானார், உபதேசியாரானார். இது பெரும்பேறே, மறுப்பாரில்லை. ஆயினும் முன்னேற்றம் என்பதைத் தோலிலிருந்து விலகிச் செல்லும் தூரத்தால் அளந்தோம் என்பதும் உண்மை. ஒரு விதிவிலக்கைக் கூற வேண்டும். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கை கால் சிதைவுக்கு உணர்ச்சியிழப்பே காரணமெனக் கண்டு, புண்ணைத் தடுக்கும் காலணியைத் தேடினார். மென்மையான ரப்பர் வைத்த செருப்பு அத்தேடலில் உருவாயிற்று. 1955இல் அமைந்த கரிகிரி மருத்துவமனையில் அறுவை அறைக்கு நிகரான இடம் காலணிப் பட்டறைக்கும் இருந்தது. சக்கிலி என்று ஊர் ஏசிய தொழில், அங்கே மருத்துவத்தின் ஓர் உறுப்பாயிற்று.

பிற்காலத்துக் கதை கசப்பானது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903 அளவில் சென்னையில் தொடங்கிவைத்த குரோம் பதனிடு முறை, ஆவாரையைவிட விரைவானது. சுதந்திரத்துக்குப் பின் ஏற்றுமதி பெருகப் பெருக அம்முறையே இவ்வட்டாரத்தில் மேலோங்கிற்று; கழிவு பாலாற்றில் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக்கிற்று. தோல்தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதென்னும் ஆய்வு முடிவு அத்தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. 2015 ஜனவரி 31ஆம் நாள் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்து, அருகிலிருந்த தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் விரிவான ஆணை பிறப்பித்துள்ளது. ஆலை மூடினால் முதலில் பட்டினி கிடப்பவரும், மூடாவிடில் முதலில் நோயுறுபவரும் ஒருவரே என்பதைத் தோல்பேட்டைச் சபைகளின் ஆயர்கள் நன்கறிவர். காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் இன்று பெண்களே மிகுதி என்பதையும் அவர்கள் அறிவர்.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்க்கு ஓர் இடத்தைச் சுட்டலாம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தகப்பன் பெயருக்கு அருகே தொழிலுக்கென ஒரு கட்டம் உண்டு. பெயர்களையும் தேதிகளையும் படியெடுத்த நாம் அக்கட்டத்தைத் தனியே தொகுத்துப் பார்த்ததில்லை. வேலூர்க் கோட்டையிலும், ஆற்காட்டிலும், ராணிப்பேட்டையிலும், ஆம்பூரிலும் உள்ள பதிவேடுகளைப் பத்து பத்து ஆண்டுகளாகப் பிரித்து, குதிரைக்காரர், புல்லறுப்பவர், பட்லர், தோல்தொழிலாளி, ஜட்காக்காரர் என எண்ணிக் கணக்கிட்டால், எத்தொழிலிலிருந்து எத்தொழிலுக்கு எத்தலைமுறையில் நம் மக்கள் சென்றனர் என்பது தெரியவரும். கறையான் முந்துமுன் அப்பணியை ஒரு மாணவர் குழு மேற்கொள்ளல் நன்று. ஓசூர்ப் பண்ணையைச் சூழ்ந்த சபைகளின் ஏடுகளையும் அவ்வாறே சேர்த்துக்கொள்ளலாம்.